சின்ன பாத்ரூம் சீலிங், பட்ஜெட் 8000 ரூபா: பெயிண்ட் அடிக்கலாமா, பிவிசி ஷீட் போடலாமா?

ரேவதி_நங்கநல்லூர்

எல்லாருக்கும் வணக்கம். பாத்ரூம் சீலிங் விஷயமா ஒரு யோசனை வேணும். நங்கநல்லூர்ல பழைய ஃப்ளாட், மூணு மாடில நாங்க ரெண்டாவது மாடி, சொந்த வீடு தான். பாத்ரூம் 5க்கு 7 அடி, ஸ்லாப் 10 அடி உயரத்துல இருக்கு, டைல்ஸ் 7 அடி வரைக்கும் ஒட்டியிருக்கு, அதுக்கு மேல செவுரும் சீலிங்கும் வெள்ளை டிஸ்டெம்பர். இப்போ நடுவுல பெயிண்ட் அப்பளம் மாதிரி பொருபொருன்னு எழும்பி நிக்குது, தலைக்கு குளிக்கும்போது தூள் தோள்ல விழுது, கீசர் இருக்கிற மூலைல கருப்பு கருப்பா புள்ளி வேற. மேல் வீட்டு பாத்ரூம் பைப் ஒண்ணு எங்க ஸ்லாப்புக்கு கீழ தொங்கிட்டு குறுக்கால போகுது, அதையும் மறைச்சா நல்லா இருக்கும்னு ஆசை.

பிவிசி சீலிங் போடுறவர் ஒருத்தரை கேட்டேன், 35 சதுர அடிக்கு தனியா ஆள் அனுப்ப கட்டுபடியாகாது மொத்தமா 9000 குடுங்கன்னு சொல்றார். பெயிண்டர் வந்து பார்த்துட்டு சுரண்டிட்டு ரெண்டு கோட்டு அடிச்சா போதும்னு சொல்றார், ஆனா மறுபடியும் உரியாதான்னு கேட்டா தெளிவா பதில் வரலை. ஆன்லைன்ல ஒட்டுற 3டி ஃபோம் ஸ்டிக்கர் பார்த்தேன், அது ரொம்ப மலிவு. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்ல, சின்னதா ஒரு வென்டிலேட்டர், லூவர் கண்ணாடி போட்டது. கையில 8000 தான் இருக்கு, இதுக்கு மேல இந்த வருஷம் முடியாது. இன்னொரு விஷயம், வீட்டுக்கு இது ஒரே பாத்ரூம், மாமியாருக்கு வயசாச்சு, அதனால நாள் கணக்கா பூட்டி வைக்க முடியாது. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

கோவை_மணி

ரேவதி மேடம், பிவிசி தான் என் ஓட்டு. எங்க வீட்டு பாத்ரூம்ல போட்டிருக்கோம், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கறை புடிச்சா ஈரத்துணியால துடைச்சா போயிடும். அந்த ஆளுக்கு 9000 குடுக்காம ஷீட்டை நீங்களே வாங்கிட்டு ஒரு கார்பென்டரை வச்சு போட்டா குறையும். கடையில கிடைக்கிற ஷீட் பெரும்பாலும் 10 அங்குல அகலம் 10 அடி நீளம். உங்க பாத்ரூம் அகலம் 5 அடின்னா ஒரு ஷீட்டை ரெண்டா வெட்டினா ரெண்டு வரிசை வரும், 7 அடி நீளத்துக்கு 84 அங்குலம், அப்போ 9 வரிசை, 5 ஷீட் வாங்கினா போதும். சுத்தி வர்றதுக்கு எல் பீடிங் (ஷீட் ஓரத்தை தாங்குற பட்டை), சட்டத்துக்கு அலுமினிய ஸ்கொயர் டியூப். ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசின இரும்பு சட்டம்) போட்டா பாத்ரூம் ஈரத்துக்கு வெட்டின முனையில துரு புடிக்கும், அதனால அலுமினியமே கேளுங்க, ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, அளவை தரையில எடுக்காதீங்க. கீழ டைல்ஸ் செவுரை விட முன்னாடி தள்ளி இருக்கும், அதுக்கு மேல வெறும் செவுரு உள்வாங்கி இருக்கும், ரெண்டு பக்கமும் சேர்த்தா ஒண்ணரை ரெண்டு அங்குலம் வித்தியாசம் வரும். கீழ 5 அடின்னு நினைச்சு ஷீட்டை சரிபாதியா வெட்டிட்டா மேல ஏத்தும்போது பீடிங்ல பிடிமானமே இருக்காது. எந்த உயரத்துல சீலிங் வருதோ அந்த உயரத்துல ஏணி போட்டு டேப் புடிங்க.

சைட்_இன்ஜினியர்_தஞ்சை

மணி சார் சொன்ன அளவு கணக்கு ரொம்ப சரி, ஆனா ஷீட் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு விடை தெரியணும்ங்க, அந்த ஈரம் எங்கேருந்து வருது? அது தெரியாம பெயிண்ட் அடிச்சாலும் காசு போகும், ஷீட் போட்டாலும் காசு போகும், ஷீட் போட்டா கூடுதலா ஒரு ஆபத்து, உள்ள நடக்கிறது கண்ணுக்கே தெரியாது.

ஈரம் ரெண்டு வழியில வரும். ஒண்ணு, நீங்க சுடுதண்ணில குளிக்கிற ஆவி வெளிய போக வழியில்லாம மேல போய் ஸ்லாப்ல படிஞ்சு தண்ணியாகுறது. கருப்பு புள்ளி பெரும்பாலும் இதனால வர்ற பூஞ்சை தான். இன்னொண்ணு மேல் வீட்டு தரையிலேருந்தோ பைப் ஜாயிண்ட்லேருந்தோ கசியுறது. அதுல பெயிண்ட் கொப்புளிக்கும், உரிஞ்ச இடத்துல வெள்ளையா உப்பு பூக்கும், பழுப்பு கலர்ல வட்டமா கறை ஓடும். உங்க வீட்டுல ரெண்டும் சேர்ந்து இருக்கலாம்.

கண்டுபிடிக்க செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. சமையல்கட்டுல இருக்கிற அலுமினிய ஃபாயிலை ஒரு அடிக்கு ஒரு அடி துண்டா வெட்டிக்கோங்க, உரிஞ்ச இடத்துல தளர்ந்த பெயிண்டை சுரண்டி துணியால நல்லா துடைச்சுட்டு நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டுங்க. கீசர் மூலைல ஒண்ணு, நடுவுல பைப் பக்கத்துல ஒண்ணு. ஒரு நாள் ரெண்டு நாள் எப்பவும் போல குளிங்க. ஃபாயிலோட வெளிப்பக்கம், அதாவது உங்களை பார்த்த பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா அது ஆவி. பிரிச்சு பார்த்தா ஸ்லாப்பை பார்த்த பக்கம் ஈரமா இருந்தா மேலேருந்து கசிவு.

அப்படியே ஒரு கம்பை எடுத்து சீலிங் முழுக்க லேசா தட்டி பாருங்க. கெட்டியா சத்தம் வந்தா நல்லது. பொத்துனு பொந்து சத்தம் வர்ற இடத்துல பூச்சு ஸ்லாப்பை விட்டு விலகியிருக்கு, துரு கலர்ல கோடு தெரிஞ்சா உள்ள கம்பி துருப்புடிக்க ஆரம்பிச்சிருக்கு. துரு புடிச்ச கம்பி பருத்து காங்கிரீட்டை வெளிய தள்ளும், துண்டு தலையில விழுற அளவுக்கு போகும். வயசானவங்க குளிக்கிற இடம், இதை மட்டும் தட்டி பார்க்காம மூடிடாதீங்க.

சாந்தி_ஸ்ரீரங்கம்

ரேவதி, எங்க அம்மா வீட்டுல குளியலறைக்கு காலகாலமா சுண்ணாம்பு தான் அடிப்போம். சுண்ணாம்புக்கு காரத்தன்மை ஜாஸ்தி, அதுல பூஞ்சை சீக்கிரத்துல புடிக்காது, செவுரும் மூச்சு விடும், உள்ள ஈரம் இருந்தா வெளிய வந்து காஞ்சுடும், பெயிண்ட் மாதிரி கொப்புளிக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைச்சா இன்னும் நல்லது, வெள்ளை பளிச்சுனு இருக்கும். ராத்திரியே தண்ணில ஊறப்போட்டு மறுநாள் துணில வடிகட்டி கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்து கையில தூள் ஒட்டாம இருக்கிற அளவுக்கு கலந்து, தண்ணியா மூணு கோட்டு அடிக்கணும், கெட்டியா ஒரே கோட்டு அடிச்சா தான் உரியும். சொட்டு நீலம் ரெண்டு துளி விட்டா மஞ்சள் தெரியாது. நீத்த சுண்ணாம்பா வாங்குங்க, கல்லு சுண்ணாம்பு தண்ணி பட்டா கொதிக்கும், கண்ணுல பட்டா ஆபத்து. மொத்த செலவே சில நூறு ரூபா தான் ஆகும்.

அந்த ஃபோம் ஸ்டிக்கர் வேண்டாம்மா. ஈரச் செவுத்துல பசை நிக்காது, பின்னாடி பூஞ்சை வளர்ந்து ஒரு வாடை வரும், அதை புடுங்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

பெயிண்ட்_கான்ட்ராக்டர்_மதுரை

சாந்தியக்கா சொல்ற சுண்ணாம்பு நல்ல சரக்கு தான், மறுக்கவே மாட்டேன், ஆனா அது வெறும் சிமெண்ட் பூச்சு மேலயோ பழைய சுண்ணாம்பு மேலயோ தான் புடிக்கும். இவங்க வீட்டுல பட்டி (செவுரை வழவழப்பாக்குற மாவு) பார்த்து டிஸ்டெம்பர் அடிச்சிருக்கு. அதை பூரா பூச்சு தெரியுற வரைக்கும் சுரண்டி எடுத்தா சுண்ணாம்பு அடிக்கலாம், அரைகுறையா சுரண்டிட்டு மேல அடிச்சா அடுத்த மழைக்குள்ள தகடு தகடா விழும்.

டிஸ்டெம்பர் பாத்ரூமுக்கு ஆகவே ஆகாதுங்க, அதுல பசை கம்மி, ஆவி பட்டா மாவா உதிரும். மறுபடியும் அதையே எந்த பெயிண்டராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

ரேவதி_நங்கநல்லூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பார்க்கவே இல்லை. தஞ்சை சார் சொன்ன மாதிரி ஃபாயில் ஒட்டி பார்த்தேன். கீசர் மூலைல ஒட்டினதுல வெளிப்பக்கம் பூரா சின்ன சின்ன துளியா வேர்த்திருந்தது, பிரிச்சா உள்பக்கம் காஞ்சு இருக்கு. நடுவுல பைப் பக்கத்துல ஒட்டினது நேர்மாறா, உள்பக்கம் நசநசன்னு ஈரம், டேப்பே விட்டுக்கிட்டு வந்துடுச்சு. ஏணில ஏறி பைப்பை கிட்ட பார்த்தேன், வளைவு வர்ற ஜாயிண்ட்ல வெள்ளையா உப்பு வளையம் கட்டியிருக்கு, அடிப்பக்கம் ஒரு சொட்டு தொங்கிட்டே இருக்கு, விரல்ல துடைச்சா கொஞ்ச நேரத்துல மறுபடியும் வருது. தட்டி பார்த்ததுல அந்த ஜாயிண்ட் பக்கத்துல உள்ளங்கை அளவுக்கு பொந்து சத்தம், மத்த இடம் எல்லாம் கெட்டி. துரு கோடு எதுவும் கண்ணுக்கு தெரியலை.

மேல் வீட்டுக்காரங்க நல்லவங்க, சொன்னா கேப்பாங்க. அவங்க கிட்ட என்ன செய்ய சொல்லணும்?

சைட்_இன்ஜினியர்_தஞ்சை

ரொம்ப நல்லா பார்த்திருக்கீங்க ரேவதி. ஆக மூலைல ஆவி, நடுவுல கசிவு, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

மேல் வீட்டுல முதல்ல அவங்க பாத்ரூம் நானி டிராப்பை (தரையில தண்ணி வடியுற ஓட்டை) துணி வச்சு அடைச்சு தரையில ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடச் சொல்லுங்க, அந்த நேரத்துல பைப்ல தண்ணி போகக்கூடாது. உங்க சீலிங்ல புதுசா ஈரம் வரலைன்னா தரை நல்லா இருக்கு, ஜாயிண்ட் மட்டும் தான் கோளாறு. ஈரம் வந்தா தரை டைல்ஸ் இடுக்குல கசியுது, குறிப்பா செவுரும் தரையும் சேர்ற மூலையிலயும் டிராப்பை சுத்தியும். இடுக்குல இருக்கிற பழைய சிமெண்டை கீறி எடுத்துட்டு எபாக்சி கிரவுட் (தண்ணி புகாத இடுக்கு பசை) அடைச்சா பெரும்பாலும் நின்னுடும், டைல்ஸை பேர்க்க வேண்டிய அவசியம் வராது. தரைக் கசிவை கீழேருந்து உங்க பக்கம் வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சு நிறுத்தலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, தண்ணி மேலேருந்து தள்ளும்போது அந்த பெயிண்டும் கொப்புளிச்சு தான் விழும்.

ஜாயிண்ட்டை பொறுத்தவரைக்கும் எம்சீல் (ஓட்டை அடைக்கிற பசை) அப்புறது தற்காலிகம் தான். பிளம்பரை கூப்பிட்டு அந்த வளைவை வெட்டி புதுசு மாத்தறது நல்லது. மேல் வீட்டு பைப்ங்கிறதால செலவை அவங்க கிட்ட பேசிக்கலாம், நல்லவங்கன்னு சொல்றீங்க.

பொந்து சத்தம் வர்ற இடத்தை உளியால தட்டி எடுத்துடுங்க. உள்ள கம்பி தெரிஞ்சா கம்பி பிரஷ்ஷால துருவை தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டு துரு தடுக்கிற ஜிங்க் பிரைமர் அடிச்சு, லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் கலவையால அடைக்கணும். கம்பி தெரியலைன்னா வெறும் பூச்சு வேலை தான். கசிவு நின்ன பிறகு சீலிங் காய டைம் குடுங்க, மறுபடியும் அதே இடத்துல ஃபாயில் ஒட்டி உள்பக்கம் காஞ்சிருக்கான்னு பார்த்துட்டு தான் பெயிண்டருக்கு போன் பண்ணணும். சென்னைக்கு ஐப்பசி கார்த்திகை அடைமழைல இந்த வேலையை வச்சுக்காதீங்க, மாசி பங்குனி நல்ல நேரம்.

கோவை_மணி

கசிவு இருக்குன்னா நானும் மாத்திக்கிறேன், இப்போ ஷீட் போட வேண்டாம். ஜாயிண்ட் சொட்டுற தண்ணி ஷீட் மேல தேங்கும், நமக்கு தெரியும்போது லைட் பாயிண்ட் வழியா இறங்கியிருக்கும். பைப் தொங்குற வீட்டுக்கு ஏதாவது ஒரு சீலிங் போட்டே ஆகணும்னா 2க்கு 2 அடி கால்சியம் சிலிகேட் டைல்ஸ் வச்ச கிரிட் சீலிங் நல்லது, எந்த டைலையும் மேல தூக்கி உள்ள பார்த்துக்கலாம், ஈரத்துக்கு தொய்யாது. ஜிப்சம் டைலும் பிஓபியும் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஆவில ஊறி தொய்யும்.

அடுப்படி_ராணி

எல்லாரும் சீலிங் பத்தியே பேசுறீங்க, ஒரு முக்கியமான விஷயம். ரேவதி, உங்க கீசர் கரண்டா கேஸா? கேஸ் கீசர்னா ஃபால்ஸ் சீலிங், எக்ஸாஸ்ட் எதுவுமே யோசிக்கிறதுக்கு முன்னாடி அதை பாத்ரூமுக்கு வெளிய மாத்துங்க. மூடின சின்ன பாத்ரூம்ல கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், வாடையே இருக்காது, குளிக்க போனவங்க மயங்கி விழுந்து உயிர் போன செய்தி ஒவ்வொரு குளிர் காலத்துலயும் வருது. வென்டிலேட்டரை மறைக்கிற மாதிரி யாரும் சீலிங் இறக்காதீங்க, அழகுக்காக அந்த ஓட்டையை அடைக்கவே கூடாது.

ரேவதி_நங்கநல்லூர்

கரண்ட் கீசர் தான் ராணிக்கா, ஆனா எங்க அக்கா வீட்டுல கேஸ் கீசர் உள்ள தான் இருக்கு, இன்னைக்கே போன் பண்ணி சொல்றேன். அப்போ ஷீட் இல்ல, பெயிண்ட் தான்னு முடிவு. மதுரை அண்ணா, 8000க்குள்ள எப்படி பிரிக்கிறது, எந்த வரிசைல செய்யறது? ஒரே பாத்ரூம்ங்கிறதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

பெயிண்ட்_கான்ட்ராக்டர்_மதுரை

சொல்றேன் தங்கச்சி. முதல் செலவு எக்ஸாஸ்ட் ஃபேன், பெயிண்டுக்கு முன்னாடி அது. வென்டிலேட்டர்ல ரெண்டு மூணு லூவர் கண்ணாடியை எடுத்துட்டு 6 இஞ்ச் ஃபேன் பலகை வச்சு மாட்டிடலாம், செவுரை உடைக்க வேண்டாம், ஃபேனும் எலக்ட்ரீஷியன் கூலியும் சேர்த்து 2000 ஒதுக்குங்க. குளிக்கும்போது போட்டு குளிச்சு முடிச்சு இன்னொரு 20 நிமிஷம் ஓடணும். கதவுக்கு அடியில விரல் நுழையுற அளவு சந்து இருக்கணும், உள்ள காத்து வர வழியில்லைன்னா ஃபேன் சும்மா சுத்தும், ஆவி போகாது. ஃபேன் இல்லாம விலை உசந்த பூஞ்சை தடுக்கிற பெயிண்ட் அடிச்சாலும் கருப்பு திரும்ப வரும், ஃபேன் இருந்தா சாதா எமல்ஷனே (தண்ணில கலக்குற பெயிண்ட்) தாங்கும், என் அனுபவத்துல நான் உறுதியா சொல்றது இது.

சரக்கு அளவு பார்ப்போம். சீலிங் 35 சதுர அடி, டைல்ஸுக்கு மேல 3 அடி செவுரு சுத்தளவு 24 அடி, அது 72, ஆக மொத்தம் 107 சதுர அடி. இதுக்கு ரெண்டு கோட்டுக்கு எமல்ஷன் ஒரு லிட்டர், பிரைமர் ஒரு லிட்டர், வெள்ளை சிமெண்ட் பட்டி 5 கிலோ, உப்புத்தாள் நாலஞ்சு, இவ்வளவு தான். பூஞ்சை தடுக்கிறதுன்னு டப்பால போட்டிருக்கிற பாத்ரூம் எமல்ஷன் வாங்கினாலும் சரக்கு எல்லாம் 1500ல முடிஞ்சுடும். அக்ரிலிக் பட்டி வாங்காதீங்க, அது உலர்ந்த ரூமுக்கு தான், ஈரத்துக்கு வெள்ளை சிமெண்ட் பட்டி. கூலி ரெண்டு நாளுக்கு 2200லேருந்து 2500. ஃபேன், சரக்கு, கூலி சேர்த்தா 6000 வரும், மீதி 2000ல பிளம்பர், பூச்சு ஒட்டு வேலை எல்லாம் அடங்கும்.

வரிசை இப்படி வச்சுக்கோங்க. காலைல எல்லாரும் குளிச்ச பிறகு ஆள் வரட்டும். அந்த பாத்ரூம் கரண்ட் மெயினை ஆஃப் பண்ணிட்டு பழைய பெயிண்டை லேசா தண்ணி தெளிச்சு சுரண்டணும், தூள் பறக்காது. கருப்பு புள்ளி இருக்கிற இடத்துல மட்டும் ப்ளீச் ஒரு பங்கு தண்ணி பத்து பங்கு கலந்து ஸ்பான்ஜ்ல தடவி 15 நிமிஷம் விட்டு நல்ல தண்ணில துடைக்கணும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கதவு திறந்தே இருக்கணும். அன்னைக்கு டைல்ஸ் கழுவுற ஆசிட்டை அந்த பக்கமே எடுத்துட்டு வரக்கூடாது, ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், சின்ன ரூம்ல மூச்சை அடைக்கும். பூஞ்சையை கொல்லாம மேல பெயிண்ட் அடிச்சா அதுக்குள்ளேருந்தே முளைச்சு வரும். அப்புறம் பட்டி மெல்லிசா ரெண்டு தடவை. சாயங்காலம் பாத்ரூமை நீங்க தாராளமா பயன்படுத்தலாம், சுடுதண்ணி மட்டும் வேண்டாம். மறுநாள் உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பிரைமர், காஞ்சதும் எமல்ஷன் ஒரு கோட்டு, நாலு மணி நேரம் விட்டு ரெண்டாவது கோட்டு. அன்னைக்கு ராத்திரி பூரா ஃபேன் ஓடட்டும், மறுநாளும் பச்சைத்தண்ணில குளிங்க, இல்லைன்னா சமையல்கட்டுல வெதுவெதுன்னு காய்ச்சி பக்கெட்ல குளிங்க, ஆவி எழும்பாம இருந்தா போதும்.

ஃபினிஷ் கேட்டா சாட்டின் (லேசான மினுமினுப்பு) வாங்குங்க. மேட் தண்ணியை இழுக்கும், முழு பளபளப்பு வாங்கினா பட்டில இருக்கிற மேடுபள்ளம் எல்லாம் லைட் வெளிச்சத்துல காட்டிக் குடுத்துடும்.

சாந்தி_ஸ்ரீரங்கம்

அழகு பத்தி யாருமே சொல்லலையே, நான் சொல்றேன். சீலிங்குக்கு ஒரு கலர் செவுத்துக்கு ஒரு கலர் வேண்டாம் ரேவதி. டைல்ஸுக்கு மேல ஆரம்பிச்சு சீலிங் முழுக்க ஒரே வெள்ளை, அந்த பைப்புக்கும் அதே வெள்ளை. பைப் பிவிசின்னா உப்புத்தாள்ல வழவழப்பு போக தேய்ச்சுட்டு அடிக்கணும், இல்லைன்னா உரியும். மூலை எங்க முடியுது சீலிங் எங்க ஆரம்பிக்குதுன்னு கோடே தெரியாது, 10 அடி உயரம் ஒரு பாரமா இல்லாம வெளிச்சமா இருக்கும், பைப்பும் கண்ணை உறுத்தாது. பைப்பை பொட்டி கட்டி மறைக்காதீங்க, சொட்டுனா உடனே தெரியணும்.

லைட்டும் சீலிங் நடுவுல வேண்டாம். கண்ணாடிக்கு மேல செவுத்துல எல்இடி ஒண்ணு போதும், ஐபி 65ன்னு போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்க, ஈரம் உள்ள போகாது. வெளிச்சம் முகத்துக்கு நேரா வரும், பல்பு மாத்தறதுக்கு ஏணியும் தேட வேண்டியதில்லை.

ரேவதி_நங்கநல்லூர்

மேல் வீட்டு அக்கா கிட்ட பேசிட்டேன், ஜாயிண்ட் மாத்தற செலவு அவங்களோடதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க, தண்ணி கட்டி பார்க்கவும் சம்மதம். பிளம்பர் ஞாயித்துக்கிழமை வர்றார். கதவு அடில சந்தே இல்லை, அதையும் கார்பென்டரை வச்சு விரல் நுழையுற அளவுக்கு சீவணும்னு குறிச்சு வச்சிருக்கேன். மதுரை அண்ணா, ஒரே ஒரு சந்தேகம், கீசர் மாட்டியிருக்கிற இடத்துக்கு பின்னாடி செவுரு எப்படி அடிக்கிறது, கீசரை கழட்டணுமா?

பெயிண்ட்_கான்ட்ராக்டர்_மதுரை

கழட்ட வேண்டாம் தங்கச்சி, கழட்டி மாட்டினா பைப் ஜாயிண்ட்ல புதுசா கசிவு ஆரம்பிக்கும். கீசரை பிளாஸ்டிக் பையால சுத்தி டேப் போட்டுட்டு, நீளக் கைப்பிடி வச்ச சின்ன ரோலரை பின்னாடி விட்டு எட்டுற வரைக்கும் அடிக்கச் சொல்லுங்க. ப்ளீச் தடவுறது மட்டும் அந்த சந்துல ஒரு குச்சில துணி சுத்தி ஆழமா தடவச் சொல்லுங்க, பூஞ்சை அங்க தான் ஜாஸ்தி இருக்கும்.